அந்தப் படத்தில் நான் ஏன் சிரிக்கிறேன்

1

மண்ணூர் வாட்ஸ்அப் குழுவில் என் படம் சுற்றிக்கொண்டிருப்பதாகத் தம்பி சொன்னான். மேடை, பின்னால் துணிப் பதாகை, மைக் முன்னால் என் மகள், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நான். முகம் கொள்ளாத சிரிப்பு. கீழே யாரோ "ஆப்பிரிக்க மண்ணில் ஜனநாயகம் போதித்த நம்மூர் மைந்தன்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், பூங்கொத்துகள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளக்ஸ் வைக்கலாமா என்று என்னோடு படித்தவன் ஒருவன் கேட்டிருக்கிறானாம்.

தயவுசெய்து வேண்டாம். வைத்தால் நான் லீவில் வரும்போது அதைக் கிழிக்க வேண்டியிருக்கும். எனக்கு வயது நாற்பத்தாறு. கம்பம் ஏறுகிற உடம்பு இல்லை.

அந்தப் படம் எப்படி வந்தது என்பதை எழுதிவிடுகிறேன். படித்து முடித்த பிறகும் வாழ்த்தத் தோன்றினால் உங்கள் இஷ்டம்.

நான் இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக ஒரு சின்ன நாடு. பெயரை எழுதப்போவதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. இந்த நாட்டைப் பற்றி வெளியிலிருந்து வந்தவன் எழுதுவதெல்லாம் குறையாகத்தான் இருக்கிறது, அதில் என் பங்கும் சேர வேண்டாம் என்றுதான். பன்னிரண்டு வருடமாக இங்கே ஒரு லாரி பூட்டும் தொழிற்சாலையில் லைன் மேனேஜர். ஒரகடத்திலிருந்து மரப்பெட்டிகளில் பாகங்கள் கப்பலில் வரும். நாங்கள் பூட்டி ஓட்டி அனுப்புவோம். நான் வந்தபோது ஒரு ஜெனரல் ஆண்டுகொண்டிருந்தார். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அவர் விமானம் ஏறினார். பிறகு முதல் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலின் மூன்றாம் ஆண்டு விழா மேடைதான் நீங்கள் பார்த்தது.

2

ஜெனரல் போனதும் அரசாங்க அலுவலகங்களில் அவர் படத்தைக் கழற்றினார்கள். ஆணியைக் கழற்றவில்லை. குடியேற்ற அலுவலகத்தில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது, அதன் கீழே உட்கார்ந்திருப்பவரும் அதே ஆள்தான். அன்றைக்கு அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போனால் தலையைத் தூக்காமல் "நாளைக்கு" என்பார். இப்போது தலையைத் தூக்கி, சிரித்து, "நாளைக்கு" என்கிறார். கூடவே புகார்ப் படிவம் ஒன்றை நீட்டுகிறார். புகார் செய்வது ஒவ்வொருவரின் உரிமை என்று புது அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது. நான் அவரைப் பற்றிய புகாரை அவர் கொடுத்த தாளில், அவருடைய பேனாவையே வாங்கி எழுதி, அவரிடமே கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "தேதி போடவில்லையே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து கூடுவோம். இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. "இவங்களுக்கெல்லாம் ஜனநாயகம் செட் ஆகாது சார்" என்பார் ஒருத்தர். "ஜெனரல் இருந்தப்ப கரண்ட் ஒழுங்கா இருந்துச்சு" என்பார் இன்னொருத்தர். இந்த நாட்டில் மேட்டுப்பக்கத்தவர், ஆற்றோரத்தவர் என்று இரண்டு கூட்டம், இரண்டு பாஷை. கட்சிகளும் அப்படியே இரண்டாகப் பிரிந்துவிட்டன. ரேடியோவில் காலையிலிருந்து ஒருத்தரை ஒருத்தர் கிழிக்கிறார்கள். இத்தனை வருடம் வாயைத் திறக்க முடியாமல் இருந்தவர்கள் முதலில் கத்தத்தான் செய்வார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசுகிறவன் நான். எங்கள் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு மேட்டுப்பக்கத்தவர் மாமரத்தடிக்கும் ஆற்றோரத்தவர் முந்திரி மரத்தடிக்கும் போவார்கள். அதை நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் தமிழினி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். இங்கத்துப் பிள்ளைகள் 'தாமி' என்று கூப்பிடுவார்கள். இரண்டு பாஷையும் தண்ணீராகப் பேசுவாள். நான் இத்தனை வருடத்தில் தக்காளி, இடது, வலது, மெதுவாக ஆகிய சொற்களைத் தாண்டவில்லை. ஆலையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், இடையில் இருக்கிற ஊர் எனக்குத் தேவைப்படவே இல்லை.

"அப்பா, உங்க ஊர்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

இந்த நாட்டை அவள் 'நாங்க' என்பாள். மண்ணூர் 'உங்க ஊர்'. அது வேறு சுருக்கென்றது.

"ஆமா. ஒண்ணாத்தான்" என்றேன்.

3

பொய். எல்லா ஊரையும் போல மண்ணூரிலும் ஊர் தனி, காலனி தனி. நான் ஊர். என் நண்பன் தேவராஜ் காலனி. எங்கள் நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போனது. நிலம் கொடுத்த குடும்பம் என்று எனக்கு வேலை கிடைத்தது. அவன் வீட்டில் கொடுக்க நிலமே இல்லை. ஐ.டி.ஐ. படித்து, பரீட்சை எழுதி, என்னைவிட நல்ல மார்க் வாங்கி உள்ளே வந்தான். ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே லைன், கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே எவர்சில்வர் தட்டு. ஒரு வாரத்தில் மேசைகள் பிரிந்துவிட்டன. யாரும் சொல்லவில்லை, எழுதி ஒட்டவில்லை. நான் ஊர்ப் பையன்கள் மேசைக்குப் போனேன். தேவராஜ் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனின் விரல் நசுங்கியது. தேவராஜ் சிவப்புப் பொத்தானை அழுத்தி லைனை நிறுத்தினான். சூப்பர்வைசர் கத்தினார். "ஆம்புலன்ஸ் வரட்டும் சார், அப்புறம் ஓட்டிக்கலாம்" என்ற தேவராஜ் பொத்தான் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு மேசைக்கும் அவன்தான் ஆள். பிள்ளைப்பாக்கம் பக்கம் வேறொரு கம்பெனியில் தொழிலாளர்கள் ஷாமியானா போட்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அது. இங்கேயும் சங்கம் கிங்கம் என்று ஆரம்பித்துவிடப் போகிறார்களே என்று எங்கள் நிர்வாகம் முந்திக்கொண்டு தொழிலாளர் கமிட்டி அறிவித்தது. தேர்தல் வைத்துத்தான்.

எச்.ஆர். அறையில் என்னைக் கூப்பிட்டு டீயும் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். "சேகர், நீங்க நிலம் குடுத்த குடும்பம். நம்ம கம்பெனின்னு நினைக்கிறவரு. லைன்ல யாருக்கு செல்வாக்கு?"

"தேவராஜ் நின்னா ஜெயிச்சிடுவான் சார்."

நண்பனைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமையாகச் சொன்னவன், "அவர் நிக்காம இருக்க ஒரு வழி பாக்கலாமா?" என்று அவர்கள் கேட்டபோது எழுந்து வந்திருக்க வேண்டும். நான் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன்.

வழி சுலபமானது. லைனில் ஒரு சின்னக் குழுவை மேய்க்கிற செல் லீடரும் அதற்கு மேலே உள்ளவர்களும் நிர்வாகத்தின் ஆட்கள். கமிட்டிக்கு நிற்கவும் முடியாது, ஓட்டும் கிடையாது. மனுக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது லைனை நிறுத்திக் கேக் வெட்டினார்கள். தேவராஜுக்கு செல் லீடர் பதவி உயர்வு. அவன் தெருவிலிருந்து முதல் செல் லீடர். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் முதல் துண்டை ஊட்டினேன். வேட்பாளர் பட்டியல் ஒட்டிய பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். வடக்கே எங்கேயோ இருக்கிற ஆலைக்கு மாற்றல் போட்டார்கள். போகவில்லை. வேலை போனது. நான் போட்டியில்லாமல் கமிட்டிக்கு வந்தேன். நோட்டீஸ் போர்டில் 'ஒருமனதாக' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்.

4

இங்கே புது நாடாளுமன்றம் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று தொழிலாளர் சட்டம். ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் ஆலையில் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்: லமீன்.

லமீன் வெல்டர். ஜெனரல் காலத்தில் பையில் அரசை எதிர்த்த துண்டுப் பிரசுரம் ஒன்றை வைத்திருந்ததற்காக உள்ளே போய் வந்தவன். அங்கே அடித்ததில் இடது காது போய்விட்டது. மேட்டுப்பக்கத்தவன், பெண்டாட்டி ஆற்றோரம். மாமரத்தடியில் சாப்பிட்டு முந்திரி மரத்தடியில் டீ குடிக்கிறவன் அந்த ஆலையிலேயே அவன் ஒருத்தன்தான்.

ஒருநாள் என் அறைக்கு வந்தான். "மிஸ்டர் சேகர், நீங்கள் பிறந்ததிலிருந்தே ஓட்டுப் போடுகிற நாட்டிலிருந்து வந்தவர். நாங்கள் புதியவர்கள். எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித் தாருங்கள்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கத் தெரியாதவனும் ஓட்டுப் போட எங்கள் ஊரில் சின்னம் உண்டு என்றேன். தமிழினி உட்கார்ந்து மீன், ஸ்பானர், பானை, விளக்கு என்று அட்டையில் வரைந்தாள். லமீன் விளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான். விரலுக்கு மை வேண்டுமே? போல்ட்டை முறுக்கியதும் 'முடிந்தது' என்று கோடு போட எங்களிடம் பெயின்ட் பேனா இருக்கிறது, லேசில் அழியாது, அதுவே போதும் என்றேன். ஓட்டுப் பெட்டிக்கு, பாகங்கள் வந்த மரப்பெட்டி ஒன்றின் மூடியில் லமீனே துளை போட்டான். பக்கவாட்டில் 'ஒரகடம்' என்று ஆங்கிலத்தில் கறுப்பு மையால் அடித்திருந்தது. அதை அழிக்கட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். அந்த ஒரு வாரம் நான் நல்லவனாக இருந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் எரிகிறது.

5

எங்கள் ஜி.எம்.முக்குச் சொந்த ஊர் குன்றத்தூர். குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

"சேகர், இந்த லமீன் ரெண்டு பக்கமும் ஆள் வெச்சிருக்கான். வந்தான்னா முதல்ல கான்ட்ராக்ட் ஆளுங்க விஷயத்துலதான் கை வெப்பான். நமக்கு எதுக்கு வம்பு? ஒரகடத்துல பண்ணாங்கள்ல, அப்படி முடிச்சிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அனுமதி அட்டை புதுப்பிக்கக் கம்பெனிக் கடிதம் வேண்டும். மகள் அடுத்த வருடம் பள்ளி முடிக்கிறாள். நான் இல்லாவிட்டால் வேறொருவன் செய்யத்தான் போகிறான். காரணங்கள் எல்லாம் சட்டைப்பையிலேயே தயாராக இருந்தன. ஜி.எம். அவற்றைக் கேட்கக்கூட இல்லை. "சரி சார்" என்றேன்.

மனுக் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. லமீனைக் கூப்பிட்டு, சூப்பர்வைசராகப் பதவி உயர்த்தும் கடிதத்தைக் கொடுத்தேன். நிதானமாக இரண்டு முறை படித்தான். தேவராஜ் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவன் கேட்டான்.

"மிஸ்டர் சேகர், இதை வாங்கிக்கொண்டால் நான் தேர்தலில் நிற்பதற்கு ஏதாவது தடை வருமா?"

அவன் கேட்டது என்னை மட்டும்தான். அறையில் வேறு யாரும் இல்லை. 'வரும், வாங்காதே' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"முதல்ல கையெழுத்துப் போடு. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

போட்டான். கேக் வெட்டினோம். எல்லாம் ஒரகடத்தில் நடந்த மாதிரியே. பட்டியல் ஒட்டிய அன்று அவன் பெயர் இல்லை. சட்டப்படி அவன் இப்போது தொழிலாளி இல்லை. நேராக என்னிடம் வந்தான்.

"கையெழுத்துப் போடச் சொன்னபோது உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நினைத்தேன். உங்களையும் ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கடைசியில் நின்றது ஒரே ஒருத்தன், ஆற்றோரத்தவன். போட்டியில்லாமல் வந்துவிட்டான். மரப்பெட்டிக்கு வேலையே வரவில்லை. ஆற்றோரத்தவன் சதி செய்து லமீனை வாங்கிவிட்டான் என்று மாமரத்தடியில் பேச்சு. லமீனே விலைபோய்விட்டான் என்று முந்திரி மரத்தடியில் பேச்சு. அவன் இப்போது வெள்ளை ஹெல்மெட்டோடு சூப்பர்வைசர்கள் அறையில் தனியாகச் சாப்பிடுகிறான். இரண்டு மரத்துக்கும் நடுவே நடக்கிறவன் யாரும் இல்லை. இந்த நாட்டுக்கு இனி ஜெனரல்தான் வந்து கெடுதல் செய்ய வேண்டும் என்பதில்லை. என்னைப் போல ஆலைக்கு ஒருத்தன் இருந்தால் போதும்.

அடுத்த மாதம் விழா அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் பழைய ஜனநாயக நாட்டிலிருந்து வந்தவர் என்ற முறையில் நான் பேச வேண்டுமாம். சொந்த பாஷையிலேயே பேசலாம், மகள் மேடையில் மொழிபெயர்த்தால் ஊருக்கே சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். விழாக் குழுவில் என் பெயரைச் சொன்னது யார் என்று விசாரித்தேன். லமீன்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கும் போகவில்லை. தம்பியிடம் நம்பர் வாங்கித் தேவராஜைக் கூப்பிட்டேன். வேலை போனதிலிருந்து ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அங்கே சாயங்காலம். ஹாரன் சத்தத்துக்கு நடுவே "பெரும்புதூர், பெரும்புதூர், ஏறும்மா" என்று கத்திக்கொண்டே எடுத்தான்.

"யாரு?"

"நான்தான்டா. சேகரு. மண்ணூர் சேகரு."

"இன்னா சேகரு, அதிசயமா கீது. நல்லா கீறியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். எச்.ஆர். அறையில் அன்றைக்கு அவன் பெயரைச் சொன்னது முதல் லமீனின் கையெழுத்துவரை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தமிழினி அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த அளவுத் தமிழ் அவளுக்குப் புரியாது என்று நினைத்திருந்தேன்.

தேவராஜ் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்துவது கேட்டது. பிறகு, "அங்கயும் கேக்கு வெட்டுனீங்களா?" என்றான்.

"வெட்டுனோம்."

"இன்னா கலரு?"

"வெள்ளை."

"எனுக்கு பச்சை. நீதான ஊட்டுன. எம்பொண்ணு பொறந்தநாளைக்கு இன்னிய வரைக்கும் நான் கேக்கு வாங்கறதில்ல, தெரியுமா? வூட்ல கேப்பாங்க, இன்னாத்துக்குன்னு. சொன்னதில்ல."

"மன்னிச்சுடு தேவராஜ்."

"என்னாண்ட எதுக்கு சொல்லிகினு கீற? என் கதை முடிஞ்சிபோச்சு. அந்தாளாண்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு போன் பண்ண? ஷிப்ட் வுட்ற டைமு சேகரு. வெய்யி."

வைத்துவிட்டேன். தமிழினி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "காலனின்னா என்னப்பா?" என்று கேட்டாள்.

"அது ஒரு தெருப் பேரு" என்றேன்.

சரி என்று எழுதப் போய்விட்டாள். விளக்குச் சின்னம் வரைந்த அட்டை அவள் பாடப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்குச் செருகியிருந்தது. அதைப் பற்றியும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று விட்டுவிட்டேன்.

7

விழா நகராட்சி மைதானத்தில். முன்வரிசையில் சந்தைப் பெண்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆலை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், மேட்டுப்பக்கத்தவர் ஒருபக்கமும் ஆற்றோரத்தவர் ஒருபக்கமுமாக. நடுவில் காலியாகக் கிடந்த நாற்காலி வரிசையில் லமீன் மட்டும் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

நான் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு வரி தமிழில் சொல்லி நிறுத்துவேன், தமிழினி ஒரு வரி, இரண்டு கூட்டத்துக்கும் புரிகிற மேட்டுப்பக்கத்துப் பாஷையில் சொல்வாள். வணக்கம் சொன்னேன், சொன்னாள். உங்கள் நாட்டை என் இரண்டாவது தாய்நாடாக நினைக்கிறேன் என்றேன், சொன்னாள், தட்டினார்கள். எங்கள் நாட்டில் பிரதமருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே ஓட்டுத்தான் என்றேன். அதற்கும் தட்டினார்கள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"எங்கள் நாட்டில் தேர்தல் ஒரு திருவிழா. யார் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் தடுக்க முடியாது" என்றேன்.

தமிழினி உடனே ஆரம்பிக்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள். பேசிக்கொண்டே போனாள். இரண்டு வரிக்கு இவ்வளவு நேரமா என்று முதலில் தோன்றியது. சுருக்கமாகச் சொன்னதற்கு அழகு சேர்த்துச் சொல்கிறாள், என் மகள் இந்த ஊர் மேடையில் எவ்வளவு தைரியமாக நிற்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது. அதனால்தான் அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

படம் எடுத்தவர் இறங்கிப் போன பிறகு, எனக்குத் தெரியாத அந்தப் பாஷைக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்த ஒரு சொல் வந்தது. ஒரகடம். கொஞ்சம் கழித்து, தேவராஜ். பிறகு, கேக்.

முன்வரிசைப் பெண்கள் விசிறுவதை நிறுத்திவிட்டார்கள். ஆலை ஆட்கள் பக்கம் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, அதுவும் அடங்கியது. மாமரத்தடி ஆட்கள் முந்திரி மரத்தடி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழினி லமீன் பெயரைச் சொன்னாள். அவன் தலையைத் திருப்பி, கேட்கிற காதை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டான். அப்படியே கடைசிவரை கேட்டான். பிறகு நேராக என்னைப் பார்த்தான்.

யாரும் தட்டவில்லை. தமிழினி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அடுத்த வரி சொல்லுங்க" என்றாள்.